நான்காம் மேசையின் பங்கு

எண்பத்தேழில் காரைக்காலில் அந்த அலுவலகத்துக்கு இருந்தது ஒரே கம்ப்யூட்டர். நான்கு மேசைத் திரைகளும் தனித்தனி மெஷின்போல ஓடும். யாருக்கு எவ்வளவு நினைவகம் என்று வரம்பு வைப்பது ஞானசௌந்தரி. ஆளுக்கு இருநூற்றைம்பத்தாறு கிலோபைட். போதாவிட்டால் வேலை நின்று நின்றுதான் நகரும்.

மாங்கனித் திருவிழாவின் மாப்பிள்ளை அழைப்பைப் பார்க்கச் சீக்கிரம் கிளம்ப வேண்டி, நான்காம் மேசை வைத்திலிங்கத்தின் பங்கில் பாதியை எடுத்துத் தனக்குப் போட்டுக்கொண்டாள்.

"இன்னிக்கி ஏங்க இப்படி இழுக்குது?" என்றான் அவன்.

"தெரியலையே."

வேலை முடியாமல் அவன் ஊருக்குப் போகும் நெடுங்காட்டு பஸ்ஸைத் தவறவிட்டான். இரவல் சைக்கிளில் போகையில் லாரி அடித்து இறந்தான்.

காரியம் முடிந்த மறுநாள் அவன் பங்கைப் பூஜ்யமாக்கி, திரையின் ஒயரையும் கழற்றினாள். அப்படியும் நான்காம் மேசை நூற்றிருபத்தெட்டு கிலோபைட்டில் ஓடுவதாக அவள் திரை காட்டியது.

"பழைய நம்பரா இருக்கும்க்கா," என்றாள் பக்கத்து மேசை ஜுலைகா.

ஞானசௌந்தரி எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு தன் பங்கையும் சேர்த்துக் கொடுத்தாள்.

மாலையில் நெடுங்காட்டு பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. நான்காம் மேசை நூற்றிருபத்தெட்டுக்கு மேல் எதையும் தொடாமல், நின்று நின்று ஓடிக்கொண்டிருந்தது.