அசல் பாகங்கள்

2060-ஆம் ஆண்டின் பழைய கார் கண்காட்சிக்காக, அறுபத்திரண்டு வயது மாரப்பன் தன் முதலாளியின் கறுப்புக் காரை மூன்று நாள் கழுவி, பாலிஷ் போட்டு, மெழுகு தேய்த்தார். கதவு முகம் பார்க்கும் கண்ணாடிபோல மின்னியது. நடுவர் இயந்திரத்துக்கு அதில் கார் தெரியவில்லை. துணியோடு நின்ற மாரப்பன்தான் தெரிந்தார்.

“1998 மாடல். ஒரு பாகம்கூட மாற்றப்படவில்லை. முதல் பரிசு” என்று அறிவித்த இயந்திரம், அவரைப் பாரம்பரியப் பொருளாகவும் பதிவு செய்துவிட்டது.

மறுவாரம் பல்செட் கட்டப் போனபோது பல் டாக்டர் கையை விரித்தார்.

“பாரம்பரியப் பொருளுக்குப் புதுப் பாகம் மாட்டுனா என் லைசென்ஸ் போயிருமுங்க.”

மாரப்பனின் மனைவி தங்கமணி அவரை இழுத்துக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போனாள்.

“மனுசனுங்க இவரு! பல்லில்லாம வெறும் கஞ்சியக் குடிச்சிட்டுக் கெடக்குறாரு. பதிவ ரத்து பண்ணிக் குடுங்க.”

அதிகாரி திரையைப் பார்த்தார்.

“பண்ணலாமுங்கம்மா. ஆனா பொருளோட உரிமையாளர் கையெழுத்துப் போடோணும். யாருங்க உரிமையாளர்?”

மாரப்பன் யோசிக்கவே இல்லை. தங்கமணியைக் கைகாட்டினார்.

அவள் வெட்கத்தோடு கையெழுத்துப் போட்டாள். அதிகாரி முத்திரை குத்தி, காகிதத்தை அவளிடம் நீட்டினார்.

“சரிங்கம்மா, இனி நீங்க எடுத்துட்டுப் போலாம்.”