மடித்து வைத்த வயர்

எஸ்தர் பழைய கம்ப்யூட்டர்களைப் பழுது பார்ப்பவள். அப்பாவின் கம்ப்யூட்டரை மட்டும் அவள் திறந்து பார்த்ததில்லை. அப்பா இறந்த மறுவாரம், "டிஸ்க் செத்துப்போச்சு, பெட்டிய எடைக்குப் போட்டுட்டேன்" என்று அண்ணன் சொன்னான். நம்பினாள். சாதி மாறிக் கல்யாணம் செய்தவளின் முகத்தில் அப்பா கடைசிவரை விழிக்க விரும்பவில்லை என்று சொன்னதும் அவன்தான். அதையும் நம்பியிருந்தாள்.

நான்கு வருடம் கழித்து மதினி அந்தப் பெட்டியை அவள் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். "பரண்ல கெடந்துச்சு எஸ்தர். பிள்ளைங்களுக்கு ஆகுமான்னு பாரேன்."

எஸ்தர் பக்கத் தகட்டைக் கழற்றித் தூசியைப் பிரஷால் தள்ளினாள். டிஸ்க்குக்குப் போகும் மின்வயரை யாரோ பிடுங்கி, மடித்து, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார்கள். கழன்று விழும் வயர் தன்னைத்தானே மடித்துக்கொள்ளாது. அவள் அதைப் பிரித்துச் சொருகினாள். திரை வந்தது. அவள் பெயரில் ஒரு கடிதம் இருந்தது. அப்பா இறப்பதற்கு எட்டு நாள் முன்பு எழுதியது.

"கண்ணு, அண்ணன்கிட்ட அஞ்சு தடவ சொல்லியனுப்பிட்டேன். நீ வரமாட்டேன்னுட்டியாமே. கோபம் ஆறலேன்னாலும் ஒரு நடை வந்துட்டுப் போ."

மதினியின் போன் அடித்தது. பரண் காலியாக இருப்பதை அண்ணன் பார்த்துவிட்டான். கேட்டுக்கொண்டிருந்த மதினி போனை நீட்டினாள். "உன்கிட்ட பேசணுமாம்."

எஸ்தர் அதை வாங்கிக் காதில் வைக்கவில்லை. திரைக்கு முன்னால் வைத்துவிட்டு, கடிதத்தை முதல் வரியிலிருந்து சத்தமாகப் படிக்கத் தொடங்கினாள்.