காஜா பட்டன் மட்டும்தான் பாக்கி

"சார் சட்டை ரெண்டும் முடிஞ்ச மாதிரிதான் டீச்சர். காஜா பட்டன் மட்டும்தான் பாக்கி. நாளைக்கு வந்து வாங்கிக்குங்க" என்றாள் தையல்கார அம்மா.

டீச்சர் தலையாட்டிவிட்டுத் திரும்பினாள்.

"இல்லைங்க" என்று ஒரு குரல் கேட்டது. சுவரோரம் பெஞ்சில் அம்மாவின் மகனோடு உட்கார்ந்திருந்த பெண்தான். "துணியை இன்னும் வெட்டவே இல்லை. அதோ, அந்த நீலப் பையில் அப்படியே இருக்கிறது."

மிஷினை மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றது. டீச்சர் நீலப் பையைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"போன வாரமும் காஜா பட்டன்தான் பாக்கி இருந்துச்சு" என்று சொல்லிப் பையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "பரவாயில்ல. வெட்டறதையும் தைக்கறதையும் வேற எங்கயாவது பாத்துக்கறேன்."

டீச்சர் போனதும் அந்தப் பெண் பெரிய உதவி செய்துவிட்ட நிறைவோடு அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். சிரித்தபடியே எழுந்து, திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். மகன் பின்னாலேயே ஓடினான். அவன் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு, வீட்டில் காட்டக் கூட்டி வந்திருந்த பெண் அவள்.

சமையலறையில் அப்பா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"இந்தச் சம்பந்தமே வேண்டாம்" என்றாள் அம்மா.

"அம்மா, மெதுவா பேசு. அவளுக்குத் தமிழ் நல்லா புரியும்."

"நல்லாத்தான் புரியுது! மத்தியானம் சாப்பிட வாம்மான்னா, மத்தியானமே வந்து நிக்கறா. நான் அப்பதான் குளிக்கவே போறேன். இன்னும் கொஞ்சம் போடட்டுமான்னா, வேண்டாங்கறா. சும்மா சொல்றான்னு கரண்டியோட நின்னா, 'நான் நிஜமாகவே வேண்டாம் என்றுதான் சொன்னேன்'னு தட்டை மூடறா. வாசல்லயே அவ பாஷையில ஏதோ ஆரம்பிச்சா. இந்த வீட்டுல தமிழ்தான்னு அப்பவே சொல்லிட்டேன்."

"அவ ஊர்ல எல்லாரும் அப்படித்தாம்மா. உள்ளத உள்ளபடி பேசுவாங்க. அதான் அவங்களுக்கு மரியாதை."

"அவ ஊர்ப் பழக்கத்தைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காதே!"

அப்பா களுக்கென்று சிரித்தார்.

"உங்களுக்கு என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல. வெங்காயம்."

"வெங்காயத்துக்கு அழுகைதான் வரும்." அம்மா மகன் பக்கம் திரும்பினாள். "நாளைக்குன்னு சொன்னா நாளைக்கேவாடா? உங்க துணிய நான் மறக்கல, கோவிச்சுக்காதீங்கன்னு அர்த்தம். அது டீச்சருக்கும் தெரியும். அவங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். ரெண்டு பேரும் முகம் கோணாம இத்தனை வருஷம் ஓட்டிட்டோம். அரை நிமிஷத்துல கவுத்துட்டா. இந்தத் தெருவுல 'நம்ம தையக்காரம்மா'ன்னு பேரு வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"அப்ப என்னதான் சொல்றே?"

"வெளியூர்ப் பொண்ணு இந்த வீட்டுக்குச் சரிப்பட மாட்டா. அவ்வளவுதான்."

மகன் முகம் தொங்கிப்போனது. அப்பா கத்தியைக் கீழே வைத்தார்.

"சரி, அத நீயே போய் அவகிட்ட சொல்லிடு. நேரா சொன்னா நேரா எடுத்துக்கற பொண்ணு."

"சொல்றேன். எனக்கென்ன பயமா?"

வேகமாகத்தான் போனாள். பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றதும் வேகம் குறைந்தது. அப்பாவும் மகனும் திரைக்குப் பின்னால் நின்று காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"பாக்கலாம்மா" என்றாள் அம்மா. "வீட்டுல பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை கலந்து பேசிட்டுச் சொல்றோம்."

"பெரியவங்க நீங்கள்தானே?"

"அது... ஆமா. இருந்தாலும் நாலையும் யோசிச்சு..."

"பார்க்கலாம் என்றால் சரியா, முடியாதா?"

அம்மா கழுத்தில் கிடந்த அளவு டேப்பை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தாள்.

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "முடியாது. புரிகிறது. டீச்சரிடம் நான் பேசியது தப்பு, இல்லையா? உண்மையைச் சொன்னால் அவர்களுக்கு நல்லது என்று நினைத்தேன். இங்கே வந்ததிலிருந்து இப்படித்தான். நான் தப்பு செய்தால் யாரும் தப்பு என்று சொல்வதில்லை. சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். என்ன தப்பு என்று தெரியாமல் ரூமுக்குப் போய் அழுவேன்."

கன்னத்தில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

அம்மா பெஞ்சில் கிடந்த துணிகளை ஒதுக்கிவிட்டு அவளை ஒட்டி உட்கார்ந்தாள். அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள்.

அந்தப் பெண் சட்டென்று நிமிர்ந்தாள். அம்மா நிறுத்தவில்லை. முதலில் திக்கித் திக்கி, பிறகு மடைதிறந்த மாதிரி பேசிக்கொண்டே போனாள். அந்தப் பெண் அழுதுகொண்டே சிரித்தாள். நடுவில் அவளும் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து குலுங்கினார்கள்.

"அப்பா, அம்மா என்னப்பா சொல்றாங்க?" என்று கிசுகிசுத்தான் மகன்.

"யாருக்குடா தெரியும்? உங்கம்மா உன்கிட்டகூடச் சொல்லல; இந்தப் பொண்ணோட ஊர்லேருந்து என்னைக் கட்டிக்கிட்டு இங்க வந்து இறங்கின புதுசுல, என்னைத் திட்டினதெல்லாம் இந்த பாஷையிலதான்" என்றார் அப்பா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அப்பவும் எனக்கு ஒரு வார்த்தை புரியல."