கூடுதலாக ஒரு ஆள்

"ஒரு ஆளைக் கழிக்கப் போறேன், சுலைஹா."

ஐந்து நாள் குளிர்காய்ச்சல் விட்டு எழுந்த ஷேக் அலாவுதீன், ரொட்டியைக் கோப்பியில் முக்கிக்கொண்டே மனைவியிடம் சொன்னார். காய்ச்சல் போனதும் பசி வந்தது. பசியோடு யோசனையும் வந்துவிட்டது.

"யாரை?"

"தங்கராஜுவை. நான் படுத்திருந்த அஞ்சு நாளும் மத்தியானத் தொழுகைக்கு முன்னாடியே வேலை முடிஞ்சிருக்கு. நான் இருந்தா அந்தி ஆயிடும். அப்படின்னா என்ன அர்த்தம்?"

சுலைஹாவுக்கு அர்த்தம் பளிச்சென்று தெரிந்தது. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

"நீங்களே சொல்லுங்க."

"ஆள் அதிகம்னு அர்த்தம்! மூணு பேர் எதுக்கு? ரெண்டு பேர் போதும். மிச்சத்துக்கு நான் இருக்கேன்லா! இந்த மாசக் கடைசியோட அனுப்பிடறேன்."

பினாங்குக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, வெங்காயம், மிளகாய் என்று சாமான் ஏற்றும் கம்பெனி அது. முப்பத்தொன்றாம் வருஷத்து வியாபார மந்தத்திலும் பீச் ஸ்ட்ரீட் முதலாளிகள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்க, ஷேக் அலாவுதீன் தன் சரக்குக் கிட்டங்கியில் கைலியை மடித்துக் கட்டி மூட்டைக்குக் கீழே நிற்பார். 'முதலாளின்னா இப்படி இருக்கணும்' என்று ஊரே மெச்சும். அந்த மூட்டை எந்தக் கப்பலுக்குப் போய்ச் சேர்ந்தது என்று மட்டும் ஊரில் ஒருவரும் விசாரித்ததில்லை.

மத்தியானம், முதலாளியின் சாப்பாட்டை வாங்கிப் போகப் பின்வாசலுக்கு வந்தான் தங்கராஜு. முதலாளி காலையிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டதில் முகம் வெளிறிக் கிடந்தது.

"நிபோங் திபால் ரப்பர் தோட்டத்துல பேர் வெட்டித்தாம்மா இங்க வந்தேன். இங்கேயும் வெட்டிட்டா, வேலையில்லாதவன்னு சர்க்கார்ல பொண்டாட்டி பிள்ளையோட கப்பலேத்தி இந்தியாவுக்கே அனுப்பிடுவாங்க. அங்க எங்களுக்குன்னு யாரும்மா இருக்கா? பிள்ளைங்க ரெண்டும் இங்க பிறந்ததுங்க."

"அழாதே தம்பி, சோறு ஆறுது. கேட்டதுக்குப் பதில் சொல்லு. அஞ்சு நாளும் எப்படி அவ்வளவு சீக்கிரம் முடிச்சீங்க?"

தங்கராஜு தரையைப் பார்த்தான்.

"முதலாளி வரலீங்களேம்மா."

"அதுக்கு?"

"அவரு கட்டினதையெல்லாம் பிரிச்சுத் திரும்பக் கட்டுற வேலை இல்லீங்களே. போன மாசம் ஹஜ்ஜுக் கப்பலுக்குன்னு அவரு கையாலேயே ஏத்தினது சுருட்டுப் பெட்டி. ரங்கூன் போற வெள்ளைக்காரன் கப்பலுக்குப் பேரீச்சம்பழம். சாம்பான் படகுல போகையில எங்ககூட வேலை பாக்குற சீனி முகம்மது அண்ணே மோந்து பார்த்துட்டாரு. இல்லேன்னா மானம் போயிருக்கும்."

சுலைஹா முக்காட்டை இழுத்து வாயை மறைத்துக்கொண்டாள்.

"அவர்கிட்ட யாரும் சொல்லலையா?"

"எப்படிம்மா சொல்றது? எங்களோட எங்களா மூட்டை தூக்குறாரு. மனசு ஒடிஞ்சிடுவாருல்ல?"

சுலைஹாவே சொல்லலாம். பத்தொன்பது வருஷத்தில் மூன்று முறை கணவரிடம் உண்மையைச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். மூன்று முறையும் அவருக்குத் தலைவலி வந்தது. பற்றுப் போட்டது அவள்தான்.

நாலாம் நாள் ஒரு கடிதம் வந்தது. நிபோங் திபால் வர்த்தகர் சங்கத்தார் எழுதியிருந்தார்கள். 'சொற்ப ஆட்களைக் கொண்டு பெரிய வியாபாரம் நடத்தும் தங்கள் திறமையைப் பற்றி எங்கள் சங்கத்தில் வந்து பேச வேண்டும்.'

ஷேக் அலாவுதீன் அதைச் சத்தம் போட்டு மூன்று தரம் படித்தார். மூன்றாவது தரம் ஜன்னலோரம் நின்று, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி.

"பெர்ரியில அக்கரைக்குப் போய், பிறை ஸ்டேஷன்ல ரயில் பிடிச்சுப் போகணும். ஒரு நாள் முழுசாப் போயிடும். கிட்டங்கியை யார் பார்க்கிறது?"

"தங்கராஜு இல்லையா?"

"அவனைத்தான் கழிக்கிறேனே."

"அப்ப போகாதீங்க. அவங்க வேற யாரையாவது கூப்பிட்டுக்குவாங்க."

"வேற யாருக்கு என்ன தெரியும்?" அவர் முகம் சிவந்தது. "சரி, அவன் இருந்துட்டுப் போறான்."

நிபோங் திபாலுக்கு அடுத்து சுங்கை பாக்காப் கூப்பிட்டது. அப்புறம் சிம்பாங் அம்பாட். அங்கேயே மறுபடியும். வாரத்தில் மூன்று நாள் முதலாளி அக்கரையில்தான். புதுக் கோட்டு தைத்தாயிற்று. மாசக் கடைசி வந்தது, போனது. தங்கராஜுவைக் கழிக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. ஹஜ்ஜுக் கப்பலுக்குப் பேரீச்சம்பழமே போய்ச் சேர்ந்தது.

ஒரு நாள் சாயங்காலம், கழுத்தில் ரோஜா மாலையோடு வீட்டுக்குள் நுழைந்தார்.

"இன்னிக்கு ஒருத்தர் எழுந்து, 'உங்க வெற்றிக்கு என்ன ரகசியம்?'னு கேட்டாரு சுலைஹா."

"என்ன சொன்னீங்க?"

"'முதலாளி ஒரு நாள்கூடக் கிட்டங்கியை விட்டு நகரக் கூடாது'ன்னு சொன்னேன். கைத்தட்டல் அடங்கவே அஞ்சு நிமிஷம் ஆச்சு!"

"ஆகாதா பின்னே!"

கோப்பியை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள் சுலைஹா. பாரிட் புந்தாரில் இருக்கும் சின்னம்மா மகள் நூர்ஜானுக்குப் பாதியில் விட்டிருந்த கடிதத்தை எடுத்து முடித்தாள்:

'நிபோங் திபால் மாமாவும் சிம்பாங் அம்பாட் மச்சானும் இனித் தாங்காது என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். அடுத்த மாதம் உன் வீட்டுக்காரரின் சங்கத்தில் நாலு கூட்டமாவது போடச் சொல். மாலையை நான் வாங்கி அனுப்புகிறேன். கையை மட்டும் பலமாகத் தட்டச் சொல். இங்கே ஒரு குடும்பம் கப்பலேறாமல் இருப்பது அதனால்தான்.'