அத்தா கடைக் கணக்கு

“மேசை மேல எத்தனை தோசை இருக்கு?” என்று கேட்டார் பள்ளியைச் சோதிக்க வந்த கல்வி அதிகாரி பாண்டியராஜன்.

“நாலு தோசை சார்,” என்றான் கிங்ஸ்லி.

இருந்தது ஒரே ஒரு தோசை. பிள்ளைகளுக்குப் பின்னம் புரியட்டும் என்று ஷீபா டீச்சர்தான் அதை நான்கு துண்டாக வெட்டி வைத்திருந்தார். அடுத்து எழுப்பப்பட்ட விஷால், அது தோசையே இல்லை, ஊத்தப்பம் என்று சாதித்தான்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டீச்சரின் பார்வை சுவர்க் காலண்டருக்குப் போனது.

போகாதா பின்னே? நாலாம் வகுப்புக்குப் பின்னம் தெரியவில்லை என்றால் டீச்சருக்கு மே மாதம் முழுக்கத் தேனியில் பயிற்சி. அந்த மே மாதத்தில்தான் அவருக்குக் கல்யாணம். கம்பத்தில் மண்டபம்கூடப் பிடித்தாகிவிட்டது, அதிகாரிக்கும் பத்திரிகை வைத்தாகிவிட்டது, மாப்பிள்ளையைப் பயிற்சிக் கூடத்துக்கா வரச் சொல்ல முடியும்?

“வேற யாரையாச்சும் எழுப்புங்கம்மா, சார் பாத்துக்கிட்டே இருக்காக,” என்று தலைமையாசிரியர் ஜேசுராஜ் காதைக் கடித்தார்.

மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை ஷர்மின். அவளுக்கும் நேற்று வரை பின்னம் மண்டையில் ஏறவே இல்லை. “உங்க அத்தா கறிக்கடையில தெனமும் பாக்குறேல்ல? அதே காலு, அதே அரைதான் இங்கனயும். கடைய நெனச்சுக்கிட்டுச் சொல்லு,” என்று டீச்சர் சொன்ன பிறகுதான், “இம்புட்டுத்தானா?” என்று சிரித்தாள்.

ஷர்மின் எழுந்து நின்றாள்.

“ஒண்ணுல கால் போச்சுன்னா மிச்சம் எவ்வளவு?” என்றார் அதிகாரி.

அவள் கண்ணை மூடினாள். “முக்கால் சார்.”

டீச்சருக்கு உயிர் வந்தது. ஷர்மினின் அத்தா கமால் பாய் கடைத் தராசில் கால் கிலோவும் அரை கிலோவும் ஏறி இறங்குவது அவர் கண்ணுக்கே தெரிந்தது.

“இன்னொரு காலும் போச்சு?”

ஷர்மினின் முகம் வாடிவிட்டது. “பாவம் சார். பாதிதான்.”

கணக்கை இவ்வளவு உருக்கமாகப் போடும் பிள்ளையை அதிகாரி தன் சர்வீஸில் பார்த்ததில்லை. “சரி, ரெண்டு முழுசுல மொத்தம் எத்தனை கால்?”

“எட்டு சார்.” பட்டென்று வந்தது பதில்.

அதிகாரி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “எங்க ஆபீஸ்லயே பாதிப் பேரு இதுக்கு முழிப்பாங்க. உங்களுக்குப் பயிற்சியும் வேணாம், ஒண்ணும் வேணாம். நிம்மதியா கல்யாண வேலையப் பாருங்கம்மா.”

ஷீபா டீச்சருக்குக் கண் கலங்கியது. ஜேசுராஜ் டீ வாங்கிவர ஆளை அனுப்பினார். ஆறிப்போன தோசையில் ஒரு துண்டை அதிகாரியே எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

வாசல் வரை போனவர், பிள்ளையை விட்டுப் போக மனமில்லாமல் திரும்பினார். சும்மா ஆசைக்கு, அதே கணக்கைத் திருப்பிப் போட்டுக் கேட்டார். “இங்க எட்டுக் கால் கெடக்குன்னு வையி. மொத்தம் எத்தனை முழுசு?”

ஷர்மின் முதல்முறையாகத் தயங்கினாள்.

“ஆட்டுக்காலா சார், கோழிக்காலா?”