ஜொஹராவின் சம்மதம்

தொலைக்காட்சியில் இரண்டு பெண்கள் கேக் வெட்டினார்கள். இருவருக்கும் வெள்ளை உடை.

அமெரிக்காவில் ஒரு மாநிலத்தில் பெண்ணும் பெண்ணும் இனி சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளலாம். செய்தி வாசித்தவர் வெங்காய விலை சொல்கிற முகத்தோடு அதைச் சொன்னார்.

“அப்ப சீரை எந்த வீட்டுல கொண்டுபோயி இறக்குறது?” என்றார் கௌஸ் முகம்மது. அஹ்சனின் கடைக் கூட்டாளி. வெள்ளிக்கிழமை பிரியாணிக்கு ஷார்ஜாவின் முவைலாவில் அவருக்கு இந்த ஒரு வீடுதான்.

அஹ்சன் சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடித்து, டிவி சத்தத்தை நிறுத்தினான். ஊருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, மனைவி ரம்ஸியாவின் முன்னால் தள்ளினான்.

“பேசு புள்ள. நீ சொன்னாத்தான் அவ கேப்பா.”

அது உண்மை. அவன் தங்கை ஜொஹரா, வந்த மாப்பிள்ளை எல்லாரையும் வேண்டாம் என்றவள். தன்னோடு கல்லூரியில் படித்த ரம்ஸியாவை அண்ணனுக்குப் பேசி முடித்ததும் அவள்தான்.

இப்போது வந்திருப்பவன் ரியாத்காரன். அங்கே பத்தா கடைத்தெருவில் போன் கடை. இவனையும் மறுத்தால் ஊர் வேறு மாதிரி பேசும் என்று அஹ்சன் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். ஊருக்கென்ன, பந்திக்கு முந்துவதைத் தவிர எதை ஒழுங்காகச் செய்தது? ஆனால் அது வாயைத் திறந்தால் அடி விழுவது ஜொஹராவுக்கு.

லீவுக்குப் போனால் ரம்ஸியா படுப்பது ஜொஹராவின் அறையில். நாத்தனாரும் மச்சியும் இப்படி ஒட்டிக்கொள்வது எந்த வீட்டில் நடக்கும் என்று மாமியாருக்குப் பெருமை.

“மச்சி? நீயா சொல்றே?” என்றது போன்.

திரையில் அதே படத்தை மறுபடி காட்டினார்கள். ஒருத்தி மற்றவளுக்குக் கேக் ஊட்டினாள்.

“சரின்னு சொல்லிரு ஜொஹரா.”

தன் குரல் பக்கத்து ஃபிளாட்டிலிருந்து வருவதுபோல் இருந்தது ரம்ஸியாவுக்கு.

அந்தப் பக்கம் ஃபேன் சுற்றுவது மட்டும் கேட்டது.

“பொண்ணு பேசாம இருந்தா சம்மதம்தான். கலாஸ், முடிஞ்சது!” அஹ்சன் போனை அணைத்தான்.

“மாப்ளைக்கு லீவு கிடைக்கலேன்னாலும் கவலயில்ல. ஒன் நிக்காஹே போன்லதானப்பா நடந்துச்சு” என்றார் கௌஸ் முகம்மது.

ரம்ஸியா தட்டுகளை அடுக்கினாள்.

நடந்தது. ஷார்ஜாவில் ஒரு போன் கூண்டுக்குள் நின்று அஹ்சன் ‘கபூல்’ என்றான். ஏற்றுக்கொண்டேன். ஊரில், நிக்காஹ் ஓதிவைத்த ஹஜ்ரத்திலிருந்து சமையல்காரர் வரை எல்லார் காதிலும் விழுந்தது.

தாலிபோலக் கருகமணி கட்ட வேண்டியது மாப்பிள்ளையின் சகோதரி. வழக்கம் அது. அதனால் யாரும் உற்றுப் பார்க்கவில்லை.

ஜொஹரா பின்னால் வந்து நின்று கட்டினாள். முடிச்சை இறுக்கும்போது, ரம்ஸியாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, அவளும் சொன்னாள்.

“கபூல்.”

ரம்ஸியா தலையாட்டியது அதற்குத்தான்.