ஆறாவது குழி

"அஞ்சு பேர் சிக்கிட்டாங்க. ஆறாவது ஆள்தான் பதினோரு வருஷமா டபாய்க்கிறான். இன்னிக்கு விடமாட்டேன்."

கிளமெண்டி புளோக்கின் லிஃப்ட்டில் ஆம்ப்ரோஸ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதைக் கேட்டு, பக்கத்தில் நின்ற பெண் தன் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவர் போலீஸ் இல்லை. கக்கத்தில் இருந்தது யோயோ பெட்டி.

ராக்கெட், நிலா, சனிக்கோள், வால்நட்சத்திரம், செயற்கைக்கோள். யோயோவுக்கு ஒரு படம். பதினோரு வருடத்துக்கு முன், எழுபத்துமூன்றில், சுங்கை ரோடு நடைபாதைக் கடையில் மூடியில்லாமல் வாங்கிய பெட்டி. உள்ளே சுருண்டு கிடந்த வெள்ளை நூலாலேயே அன்று பெட்டியைக் கட்டியவர், இன்றும் அப்படியேதான் கட்டி வைத்திருந்தார். பெட்டிக்குள் குழி ஆறு, யோயோ ஐந்து.

ஆறாவதைத் தேடிச் சைனாடவுனில் பழைய சாமான் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினார். அதைச் செய்த ஜப்பான் கம்பெனிக்கு நான்கு கடிதம் போட்டார். ஒன்றுக்கும் பதில் இல்லை. அது சொர்க்கத்தில் இருக்கும், போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாள் மனைவி பிலோமினம்மாள்.

அதே பெட்டி, மூடியோடு, சீல் பிரியாமல் இந்த புளோக்கில் குடியிருந்த அப்துல் கையூமிடம் இருந்தது. அவரும் சேகரிப்பவர்தான். பிரித்தால் மதிப்புப் போய்விடும் என்று மூன்று வருடம் மறுத்தவர், இன்று ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்திருந்தார். பதிலுக்கு ஆம்ப்ரோஸின் பறக்கும் தட்டுப் பம்பரம் வேண்டும். தகரத்தில் செய்தது, சுழலும்போது பொறி பறக்கும். சிங்கப்பூரில் வேறு யாரிடமும் அது கிடையாது.

"நல்லா யோசிச்சுக்குங்கண்ணே. அப்புறம் திருப்பிக் கேக்கக் கூடாது லா."

"எடுத்துக்க தம்பி. சீலப் பிரி."

பம்பரம் கைமாறியது. கையூம் பிளேடால் சீலை அறுத்து மூடியைத் தூக்கினார். ஆம்ப்ரோஸ் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். ராக்கெட், நிலா, சனிக்கோள், வால்நட்சத்திரம், செயற்கைக்கோள். அவரிடம் இருந்த அதே ஐந்து.

ஆறாவது குழியைப் பார்த்தவர் பார்த்தபடியே இருந்தார்.

கையூமும் எட்டிப் பார்த்தார். பிறகு ஆம்ப்ரோஸின் மடியில் இருந்த பெட்டியைப் பார்த்தார். பம்பரத்தை மெல்லத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"அண்ணே, உங்க பெட்டியக் கட்டியிருக்கீங்களே... அந்த நூல்தாண்ணே ஆறாவது."